ஆர்க்னியின் மேற்குக் கரை: போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

அபர்டீனுக்குக் குடிவந்து ஒன்பது வருடம் ஆகிறது. கோடை நெருங்கினால் போதும், லண்டனிலும் மான்செஸ்டரிலும் இருக்கும் தெரிந்தவர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வந்திருப்பவர்கள் எல்லோரும் "நீங்க நாலைந்து தடவை ஆர்க்னி போனவங்கதானே" என்று ஆரம்பிப்பார்கள். ஒரே பதிலைத் தட்டித் தட்டி விரல் ஓய்ந்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதி, பதில்களை ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். தீவுக் கூட்டம் முழுவதையும் இதில் எதிர்பார்க்க வேண்டாம். எனக்குப் பிடித்த மேற்குக் கரையைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். யெஸ்னாபியிலிருந்து பர்சே வரை இருபது கிலோமீட்டருக்குள், கடற்பறவைப் பாறைகளும் ஸ்காரா ப்ரே என்ற ஐயாயிரம் வருடப் பழைய ஊரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் கரை அது.

ஆர்க்னின்னா எங்கே? ஸ்காட்லாந்தா, நார்வேயா?

ஸ்காட்லாந்துதான். பிரிட்டனின் வடமுனையைத் தாண்டி, பென்ட்லண்ட் நீரிணைக்கு அப்பால் எழுபது தீவுகள். அதில் இருபதில்தான் ஆட்கள் வாழ்கிறார்கள், எல்லாம் சேர்த்து 22,000 பேர் அளவுக்கு. பெரிய தீவின் பெயர் மெயின்லேண்ட். ஆகவே ஆர்க்னிக்காரர் ஒருவர் "மெயின்லேண்டில் இருக்கிறேன்" என்றால் தீவில்தான் இருக்கிறார், ஸ்காட்லாந்துக் கரையில் இல்லை. முதல் நாள் இதில் குழம்பாதவர்கள் குறைவு.

நார்வே என்று கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. 1468 வரை அது நார்வே அரசுக்குச் சொந்தம். டென்மார்க்கையும் நார்வேயையும் ஆண்ட முதலாம் கிறிஸ்டியான், தன் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் ஜேம்ஸுக்குக் கட்டிக்கொடுத்தார். வரதட்சணைக்குக் கையில் காசு இல்லை. 50,000 ஃப்ளோரின் பொன்னுக்கு ஆர்க்னியை அடகு வைத்தார். பாக்கிக்கு அடுத்த வருடம் ஷெட்லண்டையும் வைத்தார். மீட்கவே இல்லை. நம்மூர் அடகுக்கடை பாஷையில் சொன்னால் நகை மூழ்கிப்போனது. ஊர்ப்பெயர்களில் பெரும்பாலானவை மட்டும் இன்றும் பழைய நார்ஸ் (வைக்கிங்குகளின்) மொழிதான்.

எப்படிப் போறது? கப்பலா, விமானமா?

எடின்பரோ, கிளாஸ்கோ, அபர்டீன், இன்வர்னெஸ் நான்கிலிருந்தும் ஆர்க்னியின் முக்கிய ஊரான கிர்க்வாலுக்குச் சின்ன விமானங்கள் உண்டு. கார் கொண்டுபோவதானால் கப்பல். ஸ்காட்லாந்தின் வடகரையில் உள்ள ஸ்க்ராப்ஸ்டரிலிருந்து ஆர்க்னியின் ஸ்ட்ராம்னெஸுக்கு ஒன்றரை மணி நேரம். கில்ஸ் பே என்ற இடத்திலிருந்து இன்னொரு கப்பல், அது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அபர்டீனிலிருந்து நேரே கிர்க்வாலுக்குப் போகும் கப்பல் மாலையில் கிளம்பி இரவு பதினோரு மணிவாக்கில் சேர்க்கும்.

நான் ஸ்க்ராப்ஸ்டர் கப்பலையே சொல்வேன். காரணம், அது ஹாய் தீவின் மேற்குப் பக்கமாகப் போகிறது. 137 மீட்டர் உயரத்துக்குக் கடலில் தனியாக நிற்கும் 'ஓல்ட் மேன் ஆஃப் ஹாய்' பாறைத்தூண் கண்ணெதிரே கடந்து போகும். அதில் முதன்முதலாக ஆட்கள் ஏறியது 1966இல். எதிர்க்காற்று அடித்தால் கப்பல் நன்றாகவே ஆடும். ஏறுவதற்கு அரைமணி முன்னால் குமட்டல் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், ஆட ஆரம்பித்த பிறகு போட்டால் வேலைக்காகாது.

எத்தனை நாள் வேணும்? கார் இல்லாம முடியுமா?

மூன்று இரவு தங்கினால் மேற்குக் கரையை அவசரப்படாமல் பார்க்கலாம். ஒரே நாளில் கப்பலில் வந்து பஸ்ஸில் சுற்றிக் காட்டிவிட்டுத் திருப்பி அனுப்பும் சுற்றுலாக்கள் உண்டு. அதில் கல்வட்டங்களைப் பார்த்துவிடலாம், பறவைகளைப் பார்க்க நேரம் இருக்காது. ஸ்காரா ப்ரேக்கு பஸ் போகிறது, எண்ணிக்கை குறைவு. பறவைப் பாறை உள்ள மார்விக், பர்சே, யெஸ்னாபி மூன்றுக்கும் கார் இருந்தால்தான் சௌகரியம். சிறிய தீவு, சாலையும் காலி. கோடையில் வாடகைக் கார்தான் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

எந்த மாசம் போனா பறவை பார்க்கலாம்? ஆகஸ்ட் லீவுல போகலாமா?

மே நடுவிலிருந்து ஜூலை முதல் வாரம் வரை. பள்ளி விடுமுறைக்காக ஆகஸ்டில் போய்விட்டு "ஒரு பறவைகூட இல்லையே, எல்லாம் சும்மா கதையா?" என்று என்னிடம் கோபித்துக்கொண்டவர்கள் இரண்டு குடும்பம். பாறையில் பறவைகள் இருப்பது முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் அந்தச் சில வாரங்கள் மட்டும்தான். வேலை முடிந்ததும் நடுக்கடலுக்குப் போய்விடும். கில்லிமாட் என்ற கடற்பறவைகள் ஜூலை நடுவிலேயே காலி செய்ய ஆரம்பிக்கும். வண்ண மூக்குள்ள பஃபின்கள் ஜூலைக் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். ஆகஸ்டில் மிஞ்சுவது ஃபுல்மார் என்ற கடற்பறவைகளும், பாறையில் காய்ந்துபோன எச்சமும்தான்.

ஜூனில் இன்னொரு வசதி, சூரியன் மறைவதே இரவு பத்தரை மணிக்கு. சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பினாலும் வெளிச்சம் இருக்கும். வேனிற்காலம் என்று நம்பி ஒற்றைச் சட்டையோடு மட்டும் போகாதீர்கள். ஜூன் மாதப் பகலே 13, 14 டிகிரிதான், அதோடு காற்று.

நம்ம வேடந்தாங்கல் மாதிரி இருக்குமா?

வேடந்தாங்கலில் பறவைகள் ஏரிக்குள் மரத்தில் இருக்கும், நாம் கரையில் நின்று பார்ப்போம். மார்விக் ஹெட்டில் நாம் மேலே நிற்கிறோம், பறவைகள் காலடியில், 80 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள பாறைச் சுவரில். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். மீன் கழுவிய தண்ணீரை ஒரு வாரம் வெயிலில் வைத்தால் வரும் வாடை. அடுத்து சத்தம். ஆயிரக்கணக்கான கில்லிமாட்கள் சேர்ந்து 'அர்ர்ர்' என்று முனகுவது, கல்யாணப் பந்தியில் இரண்டாவது வரிசைக்கு இடம் பிடிக்கிற இரைச்சல் போல இருக்கும்.

கார் நிறுத்துமிடத்திலிருந்து அரைமணி ஏற்றம். புல்வெளிதான், கடினமில்லை. உச்சியில் ஒரு கல் கோபுரம் நிற்கும், அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஒரே பாறையில இவ்வளவு பறவை எப்படி இருக்கு? சண்டை வராதா?

இதற்குப் பதில் பறவையில் இல்லை, பாறையில் இருக்கிறது. சுமார் 39 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு பெரிய ஏரி இருந்தது. அதன் அடியில் வண்டல் படிந்து படிந்து இறுகியதுதான் இந்தப் பாறை. படுக்கைவாட்டில் பலகை பலகையாகப் பிரியும். கடல் அதை அரிக்கும்போது மென்மையான அடுக்கு உள்வாங்கும், கெட்டியான அடுக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். விளைவு, பாறைச் சுவர் முழுக்கத் தட்டுத் தட்டாக அலமாரி. நம் சமையலறைச் சுவரில் கடப்பா கல் பதித்துத் தட்டு அடிப்போமே, அப்படியே. இந்த அலமாரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்காரா ப்ரேயில் மறுபடி வரும்.

அந்த அலமாரியில் யாருக்கு எந்தத் தட்டு என்பது ஏறக்குறைய தீர்மானமான விஷயம். உச்சிப் புல்லில் வளை தோண்டி பஃபின். மேல் தட்டுகளில், புல் முளைத்த இடத்தில் ஃபுல்மார். வெடிப்பிலும் மூலையிலும் ரேசர்பில். ஒரு சாண் அகலமே உள்ள வெறும் தட்டில் தோளோடு தோள் உரசி கில்லிமாட். தட்டே இல்லாமல் சும்மா ஒரு புடைப்பு இருந்தால்கூட மண்ணையும் புல்லையும் அப்பிக் கூடு கட்டிவிடும் கிட்டிவேக். சண்டை வரும்தான், பெரும்பாலும் ஒரே ஜாதிக்குள்ளேயே.

கில்லிமாட் கூடு கட்டாது. ஒரே ஒரு முட்டை, வெறும் கல்லில். முட்டை ஒரு முனை கூராக இருக்கும். உருண்டால் விழாமல் வட்டமடிக்கட்டும் என்றுதான் அந்த வடிவம் என்று ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். சரிவான கல்லில் அசையாமல் உட்காருவதற்கு என்று இப்போது சொல்கிறார்கள். ஒவ்வொரு முட்டைக்கும் நிறமும் கிறுக்கலும் வேறு, தாய்க்குத் தன் முட்டையை அதை வைத்துத்தான் அடையாளம் தெரியும். குஞ்சு மூன்று வாரத்தில், சிறகு முளைத்து முடியும் முன்பே, அந்தி நேரத்தில் கடலில் குதிக்கும். கீழே தண்ணீரிலிருந்து அப்பன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு தடவை ஜூலை முதல் வாரத்தில் பார்த்தேன்: கைப்பிடி அளவுக் குஞ்சு ஒன்று தட்டின் விளிம்புக்கு வரும், எட்டிப் பார்க்கும், பின்வாங்கும். ஏழெட்டுத் தடவை. பிறகு குதித்தேவிட்டது. நடுவில் ஒரு கல்லில் பட்டுத் துள்ளி, பந்து போல் தண்ணீரில் விழுந்து, நீந்திப் போனது. அதற்கப்புறம் அதைக் கடலில் வளர்ப்பது அப்பன் பொறுப்பு.

பஃபினைத்தான் பார்க்கணும்னு பொண்ணு அடம் பிடிக்கிறா. எங்கே போகணும்?

மார்விக்கில் பஃபின் குறைவு. மேற்குக் கரையில் பர்சே தீவின் பாறை விளிம்புதான் சரியான இடம். வெஸ்ட்ரே தீவுக்குப் போக நேரமிருந்தால் 'காசில் ஓ பரியன்' என்ற பாறைத்தூண் இன்னும் பிரமாதம், புல் மேட்டில் உட்கார்ந்தபடியே எதிரே பார்க்கலாம். மாலை நேரம் போங்கள். பகலில் பாதி கடலில் இருக்கும், சாயந்திரம்தான் வளை வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்க்கும்.

பொண்ணிடம் ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பஃபின் படத்தில் தெரிகிற அளவுக்குப் பெரியதில்லை. புறாவைவிடச் சிறியது. அந்த வண்ண மூக்கும் கோடைக்கு மட்டும்தான். குளிர்காலத்தில் மேல்பூச்சு உதிர்ந்து மங்கிவிடும். ஆர்க்னிக்காரர்கள் அதை 'டாமி நோரி' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள்.

பர்சே தீவுக்கு நடந்தே போகலாமாமே, உண்மையா?

உண்மை, கடல் வற்றியிருக்கும்போது மட்டும். வற்றம் உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும் சிமென்ட் பாதை வெளியே தெரியும். மற்ற நேரம் தண்ணீருக்கடியில். இந்த நேரம் தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும்; நேற்றுப் போனவர் சொன்ன நேரம் இன்றைக்குப் பொருந்தாது. பயணம் கிளம்பும் முன்பே அந்த வாரத்து ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து, மற்ற திட்டத்தையெல்லாம் இதைச் சுற்றிப் போடுங்கள். பாதையில் பாசி வழுக்கும்.

நான் ஒரு தடவை பஃபினைப் பார்த்துக்கொண்டு நேரத்தைக் கோட்டைவிட்டேன். திரும்பும்போது பாதையின் நடுவில் கணுக்கால் அளவுத் தண்ணீர், இரண்டு பக்கத்திலிருந்தும் ஏறிக்கொண்டிருந்தது. மகளைத் தோளில் ஏற்றி, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தோம். கால் மரத்துப்போய் கார் க்ளட்ச் எது பிரேக் எது என்று தெரியவில்லை. இன்னும் இருபது நிமிடம் தாமதித்திருந்தால் எட்டு மணி நேரம் போலத் தீவிலேயே காத்திருக்க வேண்டியதுதான்.

தீவில் பறவை மட்டுமில்லை. பிக்ட் என்ற மக்கள் வாழ்ந்த இடம், அவர்களுக்குப் பின் நார்ஸ்காரர்கள் கட்டிய வீடுகளின் அடித்தளம், 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் சுவர் எல்லாம் நுழைந்தவுடனே இருக்கும். ஈட்டியும் கேடயமுமாக மூன்று பேர் வரிசையாக நடக்கும் பிக்ட் சிற்பக்கல் ஒன்று நிற்கிறது. அது நகல், அசல் எடின்பரோ அருங்காட்சியகத்தில். மேல் முனையில் 1925இல் கட்டிய கலங்கரை விளக்கம்.

ஸ்காரா ப்ரே டிக்கெட் விலைக்குத் தகுமா? சும்மா குழிதானே, போட்டோவுல பார்த்தேன்.

மேலே நின்று பார்த்தால் குழிதான். ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், வீடாகத் தெரிய ஆரம்பிக்கும். நடுவில் சதுர அடுப்பு. இரண்டு பக்கமும் கல் பலகை நிறுத்திய கட்டில், வலது பக்கத்துக் கட்டில் கொஞ்சம் பெரியது. வாசலுக்கு நேர் எதிரே, நுழைந்தவுடன் கண்ணில் படுகிற மாதிரி, இரண்டு தட்டுள்ள கல் அலமாரி. மேலே சொன்ன கடப்பா கல் தட்டேதான்! பாறைச் சுவரில் கில்லிமாட் நிற்கிற அதே பலகைக்கல்லைப் பெயர்த்து வந்து, கால் வைத்து, தட்டு வைத்து அடுக்கியிருக்கிறார்கள். மரம் அரிதான தீவு. மற்ற ஊர்களில் மரத்தில் செய்து மக்கிப்போன சாமானெல்லாம் இங்கே கல்லில் செய்ததால் அப்படியே நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் படும்படி அந்தத் தட்டில் எதை வைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் ஷோகேஸ் இருந்தது, அதில் யாரும் தொடக்கூடாத பீங்கான் டீ செட்.

ஏறத்தாழ கி.மு. 3180 முதல் 2500 வரை ஆட்கள் இருந்த ஊர். வீடுகளுக்கு இடையே மூடிய சந்து. வீடுகளைச் சுற்றிக் குப்பைமேட்டையே அணைத்து வைத்திருக்கிறார்கள், குளிருக்கு அடக்கமாக. தரையில் களிமண் பூசிய சிறு கல் தொட்டிகள், அடியில் கழிவுநீர் வாய்க்கால். உள்ளே இறங்க விடமாட்டார்கள், மேலே சுற்றிவரும் பாதைதான். நுழைவாயில் பக்கம் ஒரு மாதிரி வீடு கட்டியிருக்கிறார்கள், அதில் குனிந்து புகுந்து பார்க்கலாம். முதலில் அதைப் பார்த்துவிட்டு அசலுக்குப் போனால் குழி குழியாகத் தெரியாது.

புயல் அடிச்சு வெளியே வந்த ஊர்னு சொல்றாங்களே?

ஆமாம். 1850 குளிர்காலத்தில் ஒரு பெரும் புயல் ஸ்கெயில் குடாவின் மணல்மேட்டைப் புரட்டிப்போட்டது. கல் சுவர்கள் தலைகாட்டின. அந்த இடத்துப் பண்ணை உரிமையாளர் வில்லியம் வாட் கொஞ்சம் தோண்டிப் பார்த்தார். 1913இல் யாரோ ஒரு வார இறுதியில் வந்து தோண்டி, கிடைத்ததை வாரிக்கொண்டு போனார்கள். 1924இல் இன்னொரு புயல் ஒரு வீட்டின் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போன பிறகுதான் கடல் தடுப்புச் சுவர் கட்டினார்கள். முறையான அகழாய்வு தொல்லியலாளர் கார்டன் சைல்டு தலைமையில் 1927இலிருந்து 1930 வரை.

இன்று கடல் வாசலில் நிற்கிறது. ஊர் உயிரோடு இருந்தபோது கடல் இன்னும் தள்ளியிருந்தது.

அக்கா, கீழடியைவிடப் பழசா?

இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை. கீழடியில் மாநிலத் தொல்லியல் துறை சொல்லும் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு. ஸ்காரா ப்ரே அதற்கு இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் முந்தியது. உடனே முகம் வாட வேண்டாம். சென்னைக்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. ஓட்டப்பந்தயம் வைத்தால் எந்தக் கோட்டிலிருந்து ஓடுகிறோம் என்பதுதான் கேள்வி.

இரண்டும் வேறு வகை ஊர்கள். கீழடியில் செங்கல், உறைகிணறு, எழுத்து பொறித்த பானை ஓடு. ஸ்காரா ப்ரேயில் உலோகமே கிடையாது, எழுத்து கிடையாது. கல், எலும்பு, களிமண் மட்டும். ஒப்பிட ஆசையாக இருந்தால் மொஹெஞ்சதாரோவோடு ஒப்பிடுங்கள். அங்கே பெருநகரம் எழும்பிக்கொண்டிருந்த சமயத்தில்தான் இங்கே கடைசி வீட்டைக் காலி செய்தார்கள்.

கல்வட்டமெல்லாம் எங்கே? அதுக்கும் டிக்கெட்டா?

ப்ராட்கர் வட்டமும் ஸ்டென்னெஸ் கற்களும் திறந்த வெளியில், இலவசம். ஸ்காரா ப்ரேயிலிருந்து காரில் பத்துப் பதினைந்து நிமிடம். ப்ராட்கரின் குறுக்களவு 104 மீட்டர். ஆரம்பத்தில் 60 கற்கள் இருந்ததாகக் கணக்கு. ஸ்டென்னெஸில் நிற்பது நாலே நாலு, ஆனால் உயரமானது 6 மீட்டர் வரை. கற்களை ஓரத்திலிருந்து பாருங்கள். இவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு மெல்லிசு! அதுவும் நம் அலமாரிக் கல்தான்.

ஸ்டென்னெஸ் பக்கத்தில் 'ஓடின் கல்' என்று ஓட்டை போட்ட கல் ஒன்று இருந்தது. காதலர்கள் அந்த ஓட்டை வழியாகக் கைகோத்து வாக்குக் கொடுப்பது ஊர் வழக்கம். 1814இல் வெளியூரிலிருந்து வந்த குத்தகைக்காரர் ஒருவர், ஜனங்கள் தன் நிலத்தில் நடமாடுவது பிடிக்காமல் அதை உடைத்துப் போட்டுவிட்டார். ஊர் அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

இரண்டு வட்டங்களுக்கும் நடுவில் 'நெஸ் ஆஃப் ப்ராட்கர்' என்ற இடத்தில் இருபது வருடத்துக்கு மேல் தோண்டினார்கள். 2024 கோடையோடு முடித்து மண் போட்டு மூடியாகிவிட்டது. அதைத் தேடி அலையாதீர்கள்.

மேஸ்ஹவ்வுக்குள்ள அம்மாவால போக முடியுமா? முழங்கால் வலி.

கஷ்டம். கி.மு. 2800 வாக்கில் கட்டிய கல்லறை. பத்து மீட்டர் போல நீளமான நடையில் முழுக்கக் குனிந்தே போக வேண்டும், இடையில் நிமிர முடியாது. உள்ளே போனால் நிமிர்ந்து நிற்கலாம். முன்பதிவு செய்த நேரத்தில் வழிகாட்டியோடு மட்டும்தான் அனுமதி. அம்மா வெளியே இருந்தால் நஷ்டமில்லை, எதிரே ஏரியும் மலையும் இருக்கின்றன.

உள்ளே எனக்குப் பிடித்தது கல்லறை இல்லை, கிறுக்கல். 12ஆம் நூற்றாண்டில் கூரை வழியாக உடைத்துப் புகுந்த நார்ஸ்காரர்கள் சுவரில் முப்பது இடத்துக்குப் பக்கமாக ரூன் என்ற தங்கள் பழைய எழுத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஏதோ பெரிய மந்திரம் என்று நினைத்தால், ஒருவர் இங்கிகெர்த் என்ற பெண்தான் அழகி என்கிறார், இன்னொருவர் இதை உயரத்தில் செதுக்கினது நான்தான் என்று பீற்றிக்கொள்கிறார். மலைக்கோட்டைச் சுவரில் பெயர் எழுதுகிறவனுக்கு ஒன்றுவிட்ட தாத்தா. குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: டிசம்பர் 21ஐ ஒட்டிய வாரங்களில் மறையும் சூரியன் அந்த நடை வழியாக நேரே உள்ளே விழுந்து பின்சுவரில் படும்.

மார்விக் உச்சியில இருக்கிற கோபுரம் கோயிலா?

நினைவுச் சின்னம். 1916 ஜூன் 5 இரவு, புயலில், எச்எம்எஸ் ஹாம்ப்ஷயர் என்ற போர்க்கப்பல் ஜெர்மானிய நீர்மூழ்கி வைத்த கண்ணிவெடியில் மோதி இந்தக் கரைக்கு எதிரே மூழ்கியது. இறந்தவர்கள் 737 பேர், பிழைத்தவர்கள் 12 பேர். இறந்தவர்களில் ஒருவர் கிட்ச்னர் பிரபு, விரல் நீட்டிப் பட்டாளத்துக்கு ஆள் கூப்பிடும் அந்தப் பழைய சுவரொட்டியின் மீசைக்காரர். 1902 முதல் 1909 வரை இந்தியாவில் தலைமைத் தளபதியாக இருந்தவரும் அவர்தான். கோபுரம் 1926இல் எழுந்தது, அவர் பெயருக்கு. மற்றவர்களின் பெயர்கள் பொறித்த தாழ்வான சுவர் வந்தது 2016இல், நூறு வருடம் கழித்து.

பாறை ஓரம் பாதுகாப்பா? சின்னப் பசங்க கூட வர்றாங்க.

வேலி கிடையாது. மார்விக்கிலும் யெஸ்னாபியிலும் புல் இருக்கும், அடுத்த அடியில் இருக்காது. மேலே சொன்ன பலகைக்கல் விளிம்பில் கூரை போல் நீட்டிக்கொண்டு நிற்கும், அடியில் ஒன்றும் இருக்காது. நாம் எதன் மேல் நிற்கிறோம் என்று மேலிருந்து தெரியாது. குழந்தையின் கையை விடாதீர்கள். எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் சற்றுத் தள்ளி, எதிர்ப்பாறை தெரிகிற வளைவில் நின்று பாருங்கள். காட்சியும் அங்கேதான் நன்றாக இருக்கும். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று பலமாக அடிக்கும் நாளில் விளிம்புப் பக்கமே வேண்டாம், காரிலிருந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

தலையில கொத்துற பறவை இருக்காமே?

இரண்டு. ஆர்க்டிக் ஆலா, உருவத்தில் சிறியது, கோபத்தில் பெரியது. கூடு பக்கம் போனால் தலையைக் குறிவைத்துப் பாயும், ரத்தமும் வரலாம். தலைக்கு மேல் ஒரு குச்சியை உயர்த்திப் பிடித்தால் குச்சியைக் கொத்தும். வருடாவருடம் அண்டார்டிகா வரை போய் வருகிற பறவை, அதனால் நானாகவே ஒதுங்கிப் போய்விடுவேன். இன்னொன்று போன்க்சி, பெரிய ஸ்குவா. இது கரையைவிட ஹாய் தீவின் மேட்டு நிலத்தில் அதிகம்.

ஃபுல்மார் கொத்தாது, துப்பும். கூட்டுக்கு மிக அருகில் தலையை நீட்டினால் வயிற்றிலிருந்து நாற்றமெடுத்த எண்ணெயைப் பீய்ச்சும். நண்பர் ஒருவரின் கோட்டு நான்கு தடவை துவைத்தும் தேறவில்லை, கடைசியில் கப்பல்துறைக் குப்பைத்தொட்டியில் விட்டுவிட்டார்.

முன்னைவிடப் பறவை குறைஞ்சுபோச்சா?

குறைந்துவிட்டது, கண்ணாலேயே தெரிகிறது. கிட்டிவேக் இருந்த தட்டுகள் பல இடங்களில் காலி. இவை எல்லாம் நம்பியிருப்பது மணல்விலாங்கு என்ற விரல் நீள மீனை. கடல் சூடாக ஆக அதன் இரையும் அதுவும் குறைகின்றன. 2024இல் ஸ்காட்லாந்துக் கடலில் அந்த மீனைப் பிடிக்கவே தடை போட்டார்கள். அதற்கு முன் 2022இல் பறவைக் காய்ச்சல் வந்து போன்க்சிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. இறந்த பறவை கிடந்தால் தொடாதீர்கள், குழந்தைகளையும் தொட விடாதீர்கள்.

அடியோடு போனதும் உண்டு. பறக்கத் தெரியாத பெரிய ஆக் பறவையில் ஆர்க்னியின் கடைசி ஜோடி பாப்பா வெஸ்ட்ரே தீவில் இருந்தது. ஆணை 1813இல் சுட்டார்கள். பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், அந்த 'பாப்பா' நார்ஸ் மொழியில் பாதிரியார். திரும்பி வந்ததும் உண்டு. வெண்வால் கடற்கழுகு ஆர்க்னியில் அற்றுப்போய் நூறு வருடத்துக்கு மேல் கழித்து 2018இல் ஹாய் தீவில் குஞ்சு பொரித்தது. தெற்கே சவுத் ரொனால்ட்சே தீவில் ஒரு விவசாயி 1958இல் தன் நிலத்தில் கண்டுபிடித்த பழங்காலக் கல்லறையில், மனித எலும்போடு இதே கழுகின் எலும்புகள் கிடந்தன. கல்லறை கட்டிப் பல நூறு வருடம் கழித்து யாரோ கொண்டுவந்து வைத்தவை.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிர்க்வாலில் கிடைக்கும், கரையோரத்தில் சூப்பும் ரொட்டியும்தான். 'பெயர்' (bere) என்ற பழைய ரகப் பார்லி மாவில் செய்யும் பேனக் கிடைத்தால் விடாதீர்கள். நம் அடை போலத் தடிமனாக, கொஞ்சம் கசப்பாக, வெண்ணெயோடு. அந்த மாவை பர்சேயில் தண்ணீர் ஆலையில் இன்னும் அரைக்கிறார்கள். சமையலறை உள்ள வீடாகப் பார்த்து எடுத்து, ஊறுகாய் பாட்டில் ஒன்று எடுத்துப் போவது என் வழி.

கடல் கொஞ்சம் கொஞ்சமா தின்னுட்டு இருக்குன்னா, ஸ்காரா ப்ரே எவ்வளவு நாள் தாங்கும்?

நாள் குறிக்க யாராலும் முடியாது. ஸ்காரா ப்ரே, கல்வட்டங்கள், மேஸ்ஹவ் எல்லாம் உலகப் பாரம்பரியச் சின்னங்கள்; 2019இல் இவற்றின் நிலையை ஆராய்ந்தவர்கள், பருவநிலை மாற்றத்தால் மிக அதிக ஆபத்து உள்ளவை என்று சொல்லிவிட்டார்கள். தடுப்புச் சுவர் ஊரைக் காக்கிறது. சுவர் முடியும் இடத்தில் கரை உள்வாங்கிக்கொண்டு போகிறது. குடாவின் மணலில் இறங்கி நின்று திரும்பிப் பார்த்தால் ஊர் தனியாக முன்னால் துருத்திக்கொண்டு நிற்பது தெரியும்.

இந்த ஒரு ஊருக்காவது சுவர் இருக்கிறது. ஆர்க்னிக் கரை நெடுக இப்படி அரிபடும் பழைய இடங்கள் ஏராளம், பலவற்றுக்கு ஒரு பலகைகூடக் கிடையாது. புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் நாயைக் கூட்டிக்கொண்டு கரையில் நடக்கிற ஊர்க்காரர்கள் மண்மேட்டைப் பார்த்துக்கொண்டேதான் நடப்பார்கள். உங்கள் கண்ணிலும் கல் வரிசையோ எலும்போ புதிதாகத் தென்பட்டால் இழுக்காதீர்கள், மண்ணைத் தட்டிப் பார்க்காதீர்கள். அளவு தெரிய பக்கத்தில் ஒரு ஷூவை வைத்துப் போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, கிர்க்வாலில் அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.